சூரிய மின் தொகுதியும் மின்பிறப்பாக்கியும் ஒரே கட்டடத்தில் இருக்கும்போது

இலங்கையில், திருகோணமலைக்கு வடக்கே உள்ள நிலாவெளியில் விருந்தினர் விடுதி நடத்தும் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. அவருடைய விடுதியின் கூரையில் பற்றரி இல்லாத, மூன்று பேஸ் (மின்சாரம் வரும் மூன்று தனிக் கம்பிகள்) கொண்ட 10 கிலோவாற் சூரிய மின் தொகுதி ஒன்று இருக்கிறது. பின்புறக் கொட்டிலில் 20 கே.வி.ஏ. டீசல் மின்பிறப்பாக்கி ஒன்று நிற்கிறது. கடந்த மாதம் ஒரு நண்பகலில் கரண்ட் போனதும் மின்பிறப்பாக்கியை ஓடவிட்டிருக்கிறார். சில நிமிடங்களில், பனலின் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றதாக மாற்றும் சோலார் இன்வேர்ட்டரும் தானாகவே வேலை செய்யத் தொடங்கியது. டீசல் மிச்சமாகப் போகிறது என்று மகிழ்ந்திருக்கிறார். ஆனால் விளக்குகள் திடீரெனப் பிரகாசித்தன, பிறகு மங்கின, மறுபடியும் பிரகாசித்தன. அரைமணி நேரத்துக்குள் சமையலறைக் குளிர்சாதனப் பெட்டியின் மின்சுற்றுப் பலகை எரிந்துவிட்டது. இரண்டையும் சேர்த்து ஓடவிடப் பாதுகாப்பான வழி இருக்கிறதா, அல்லது பிரித்துத்தான் வைக்க வேண்டுமா என்பதே அவர் கேட்பது.

முதலில் நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். உங்களிடம் இப்போது இருக்கும் பொருட்களை வைத்துப் பார்த்தால், அந்த இரண்டும் ஒருபோதும் ஒரே கம்பியில் சந்திக்கக் கூடாது. சந்திக்க வைக்க வழி இருக்கிறது. ஆனால் அதற்கு இரண்டையும் எந்நேரமும் கண்காணித்து, சோலாரின் உற்பத்தியைக் கணத்துக்குக் கணம் குறைக்கவோ நிறுத்தவோ வல்ல ஒரு கருவி நடுவில் இருக்க வேண்டும். அப்படி ஒன்று இல்லாமல் சேர்ந்து ஓடினால், இம்முறை குளிர்சாதனப் பெட்டி போனது. அடுத்த முறை மின்பிறப்பாக்கியே போகலாம்.

உங்கள் இன்வேர்ட்டர் ஏன் தானாக ஓடத் தொடங்கியது என்பதிலிருந்து தொடங்குவோம். பற்றரி இல்லாத இவ்வகை இன்வேர்ட்டர் தனக்கென்று வோல்ற்றளவையோ மீடிறனையோ (விநாடிக்கு எத்தனை அலை என்பதையோ) உருவாக்காது. வெளியில் ஏற்கெனவே இருக்கும் 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ் அலையைப் பார்த்து, அதனோடு அடியொற்றித் தன் மின்னோட்டத்தைச் செலுத்துவது மட்டுமே அதன் வேலை. வெளி மின்சாரம் நின்றால், சுமார் இரண்டு விநாடிகளுக்குள் அது தன்னைத் துண்டித்துக்கொள்ள வேண்டும் என்பது சர்வதேசத் தரநிலைகள் விதிக்கும் பாதுகாப்பு. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கால் ஏற்பட்ட கோளாறில் நாடு முழுவதும் மின்சாரம் நின்றதே, அன்று நல்ல வெயில் அடித்த வீடுகளில்கூடப் பனல்கள் பயனற்றுக் கிடந்ததற்குக் காரணம் இதுதான். "கூரையில் இவ்வளவு பனல் இருந்தும் எங்கள் வீட்டில் ஏன் கரண்ட் இல்லை?" என்று அன்று என்னிடமே பலர் கேட்டார்கள். அது பழுதன்று, கம்பத்தில் ஏறி வேலை செய்பவரின் உயிருக்காக வைக்கப்பட்ட ஏற்பாடு.

ஆனால் இன்வேர்ட்டருக்கு வெளியில் இருப்பது மின்சார சபையா, உங்கள் கொட்டிலில் இருக்கும் டீசல் இயந்திரமா என்று பிரித்தறியத் தெரியாது. வோல்ற்றளவும் மீடிறனும் தன் எல்லைக்குள் இருக்கின்றனவா என்று மட்டுமே பார்க்கும். அவை அமைப்பைப் பொறுத்து ஒன்று முதல் ஐந்து நிமிடங்கள் வரை நிலையாக இருந்தால், "மின்சாரம் திரும்பிவிட்டது" என்று எடுத்துக்கொண்டு, வெயில் தரும் அத்தனை வலுவையும் உள்ளே தள்ளத் தொடங்கும். மலிவான மின்பிறப்பாக்கிகளின் மீடிறன் ஆடிக்கொண்டே இருப்பதால் பல இடங்களில் இன்வேர்ட்டர் அதை ஏற்பதே இல்லை. அதனால்தான் வருடக்கணக்காக ஒன்றும் நடக்காமல் இருந்து, இயந்திரத்தைப் பழுதுபார்த்துச் சீராக்கிய பிறகு ஒரு நாள் திடீரென இப்படி நடக்கும். உங்களுடையதும் அண்மையில் சேவிஸ் செய்யப்பட்டதா என்று பாருங்கள்.

இனி, சேர்ந்து ஓடும்போது உள்ளே நடப்பதைக் கணக்கோடு பார்க்கலாம். 20 கே.வி.ஏ. என்று எழுதியிருந்தாலும், 0.8 வலுக்காரணியில் (எழுதிய வலுவில் உண்மையில் பயன்படும் பங்கு) உங்கள் இயந்திரம் தரக்கூடியது 16 கிலோவாற். நண்பகலில் உங்கள் சோலார் 8 கிலோவாற் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். விடுதியில் எல்லா அறைகளின் குளிரூட்டிகளும் ஓடி, மொத்தச் சுமை 14 கிலோவாற் ஆனால், மின்பிறப்பாக்கிக்கு மிஞ்சுவது 6 கிலோவாற். அதுவரை பிரச்சினை இல்லை. விருந்தினர்கள் கடற்கரைக்குப் போகிறார்கள், குளிரூட்டிகள் நிறுத்தப்படுகின்றன, சுமை 5 கிலோவாற்றாக இறங்குகிறது. சோலாருக்கு இது தெரியாது. அது தொடர்ந்து 8 கிலோவாற்றையே தள்ளும். மிகுதி 3 கிலோவாற் எங்கே போகும்? மின்சார சபையின் கம்பியில் இருந்தால் அது ஊருக்குள் போயிருக்கும். மீற்றர் அதைக் கணக்கெடுத்திருக்கும். இப்போது போக்கிடம் ஒன்றே ஒன்று, உங்கள் மின்பிறப்பாக்கி. மின்சாரம் தர வேண்டிய இயந்திரம் மின்சாரம் வாங்கிச் சுழலும் மோட்டராக மாறுகிறது. வேகத்தைக் காக்கும் கவர்னர் எரிபொருளை முற்றாக மூடிவிடுகிறது. அதற்கு மேல் வேகத்தைக் குறைக்க அதனிடம் வழியில்லை. மீடிறன் ஏறுகிறது, வோல்ற்றளவும் தன் கட்டுப்பாட்டை இழக்கிறது. ஒரு கட்டத்தில் இன்வேர்ட்டர் எல்லை தாண்டிவிட்டதென்று தன்னைத் துண்டித்துக்கொள்கிறது. உடனே முழுச் சுமையும் எரிபொருள் மூடிக் கிடந்த இயந்திரத்தின் மேல் விழுகிறது. வோல்ற்றளவு சட்டென இறங்குகிறது. சில நிமிடங்களில் இன்வேர்ட்டர் மறுபடியும் சேர்கிறது. நீங்கள் கண்ட பிரகாசமும் மங்கலும் இந்தச் சுழற்சிதான். குளிர்சாதனப் பெட்டியின் பலகை எரிந்தது இதில் ஏறிய வோல்ற்றளவில்.

2022இல், நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நீண்ட அந்த மார்ச் மாதக் கடைசியில், உப்புவெளிப் பக்கம் ஒரு வீட்டில் இதை நேரில் நின்று அளந்திருக்கிறேன். அங்கே மூன்று பேஸ் மின்பிறப்பாக்கி; சோலாரோ ஒரே பேஸில் இணைந்த 5 கிலோவாற் இன்வேர்ட்டர். வீட்டில் எல்லா விளக்கும் எரிந்துகொண்டிருந்தன, தண்ணீர் மோட்டரும் ஓடியது. ஆனால் இயந்திரத்தின் சத்தம் சுமை தாங்கும் இயந்திரத்தின் சத்தமாக இல்லை. புகைக்குழாயில் கையை நீட்டினால் சூடு குறைவு. அடித்தொண்டையில் உறும வேண்டியது மெல்லிய இரைச்சலாக ஓடிக்கொண்டிருந்தது. மீற்றரை வைத்துப் பார்த்தேன். சோலார் சேர்ந்திருந்த பேஸில் 258 வோல்ற். மற்ற இரண்டிலும் 220க்குக் கீழே. மூன்று பேஸையும் கூட்டிப் பார்த்தால் மின்பிறப்பாக்கி இன்னும் மின்சாரம் கொடுத்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அந்த ஒரு பேஸில் மட்டும் வாங்கிக்கொண்டிருந்தது. மொத்தச் சுமை அதிகம்தானே, பின்னோட்டம் வராது என்று சொல்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். உங்கள் இன்வேர்ட்டர் மூன்று பேஸிலும் சமமாகத் தள்ளுகிறது என்றாலும், உங்கள் குளிரூட்டிகள் மூன்று பேஸிலும் சமமாகப் பிரிந்திருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

ஆகவே முதல் தீர்வு, எனக்குப் பிடித்த தீர்வும் அதுவே: சோலாரின் இணைப்பை இடம் மாற்றுங்கள். உங்கள் விடுதியில் இன்வேர்ட்டரின் கம்பி, சேஞ்ச் ஓவர் சுவிட்சுக்கு (விடுதியை மின்சார சபைப் பக்கமோ மின்பிறப்பாக்கிப் பக்கமோ திருப்பும் சுவிட்சுக்கு) பின்னால், அதாவது சுமைப் பலகையில் வந்து இணைந்திருக்கிறது என்பது நீங்கள் சொல்லும் நிகழ்விலிருந்தே தெரிகிறது. அதை மீற்றருக்கும் சேஞ்ச் ஓவர் சுவிட்சுக்கும் இடையில், தனக்கென ஒரு பிரேக்கரோடு இணைக்கச் செய்யுங்கள். மின்சார சபையின் மின்சாரம் இருக்கும் நேரத்தில் எதுவும் மாறாது. சோலார் விடுதிக்கும் கொடுக்கும், மிகுதியை வெளியிலும் அனுப்பும், மீற்றர் கணக்கும் அப்படியே இருக்கும். மின்சாரம் போய் சுவிட்ச் மின்பிறப்பாக்கிப் பக்கம் திரும்பியதும், சோலார் மறுபக்கத்தில், இறந்த கம்பியோடு தங்கிவிடுகிறது. அது மின்பிறப்பாக்கியைக் காணவே முடியாது. செலவு கொஞ்சம் கேபிளும் ஒரு நாள் கூலியும்தான். மீற்றருக்கு அருகில் கைவைக்கும் வேலை என்பதால், உங்கள் தொகுதியை அமைத்துக் கொடுத்தவர் வழியாக மின்சார சபையின் பிரதேச அலுவலகத்துக்கு அறிவித்துவிட்டே செய்ய வேண்டும். 2016இல் தொடங்கிய கூரைச் சோலார் திட்டத்தில் நெட் பிளஸ் முறையில் இணைந்தவர்களுக்கு இந்தச் சிக்கல் வருவதில்லை. அவர்களுடைய உற்பத்தி வீட்டுக்குள் வராமல் தனி மீற்றர் வழியாக நேரே வெளியே போகிறது.

கட்டட அமைப்பால் கேபிளை அங்கே கொண்டுபோக முடியாதென்றால் இரண்டாவது வழி ஒன்று உண்டு. இன்வேர்ட்டரின் வெளியீட்டில் ஒரு கொண்டாக்டரை (சுருளுக்கு மின்சாரம் இருக்கும்வரை மட்டும் மூடியிருக்கும் சுவிட்சை) போட்டு, அதன் சுருளுக்கான மின்சாரத்தை சேஞ்ச் ஓவர் சுவிட்சுக்கு முன்னால், மின்சார சபைப் பக்கத்திலிருந்து எடுக்க வேண்டும். மின்சார சபையின் மின்சாரம் இருந்தால் மட்டுமே கொண்டாக்டர் மூடியிருக்கும். அது போனதும் தானாகத் திறந்து சோலாரை விலக்கிவிடும். சிலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: மின்பிறப்பாக்கி ஓடும்போது அதன் மின்சாரத்தால் சோலார் துண்டிக்கப்படும் வகையில். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். ஆனால் சுருள் எரிந்தாலோ அதற்குப் போகும் மெல்லிய கம்பியைக் கொட்டிலில் எலி கடித்தாலோ, முதல் முறையில் சோலார் நின்றுவிடும், நீங்கள் உடனே கவனிப்பீர்கள்; இரண்டாவது முறையில் பாதுகாப்பு இல்லாமல் போயிருக்கும், நீங்கள் அறியவே மாட்டீர்கள். பழுதானால் பாதுகாப்பான பக்கம் விழும்படியாகவே இதைச் செய்யச் சொல்லுங்கள்.

சேஞ்ச் ஓவர் சுவிட்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் மூடவே முடியாதபடி பொறிமுறைப் பூட்டு உள்ள சுவிட்ச் அது. இரண்டு தனித்தனிப் பிரேக்கர்களை அருகருகே வைத்து, "இதைத் திறந்துவிட்டு அதை மூடு" என்று வேலையாட்களிடம் சொல்லி வைப்பது சேஞ்ச் ஓவர் ஆகாது. அதைவிடக் கொடியது, இரண்டு முனையிலும் ஆண் பிளக் பூட்டிய வயர் ஒன்றைச் செய்து, சிறிய பெற்றோல் மின்பிறப்பாக்கியிலிருந்து சுவரிலுள்ள பிளக் பொயின்றுக்குள் மின்சாரத்தைச் செலுத்தும் வழக்கம். புயலுக்குப் பின் கிண்ணியாவிலும் மூதூரிலும் மட்டுமல்ல, திருகோணமலை நகரத்துக்குள்ளேயே இதைக் கண்டிருக்கிறேன். மெயின் சுவிட்சை நிறுத்த ஒருவர் மறந்துவிட்டால், உங்கள் வீட்டு 230 வோல்ற் வெளிக் கம்பிக்குப் போய், தெருவிலுள்ள ட்ரான்ஸ்போமரில் பின்புறமாக ஏறுகிறது. ட்ரான்ஸ்போமர் இரண்டு திசையிலும் வேலை செய்யும். அதன் மறுபக்கத்தில் இருப்பது 11,000 அல்லது 33,000 வோல்ற். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையேறிய பிறகு, மரங்களையும் அறுந்த கம்பிகளையும் அகற்றிக்கொண்டு மழையில் நின்றார்களே, அந்த ஊழியர்கள் தொடும் கம்பி அதுதான். லைன் நிறுத்தப்பட்டிருக்கிறது என்று நம்பி ஏறுகிற ஒருவரின் உயிர், யாரோ ஒரு வீட்டின் சமையலறைச் சுவரில் செருகிய பிளக்கில் இருக்கிறது. இவ்விடயத்தில் எனக்கு விட்டுக்கொடுப்பே இல்லை; அப்படி ஒரு வயர் உங்கள் விடுதியில் இருந்தால் இன்றே வெட்டி எறியுங்கள்.

அடுத்தது நியூட்ரலும் (மின்சாரம் திரும்பிப் போகும் கம்பி) எர்த்தும் (நிலத்தில் இறங்கும் கம்பி). இதில்தான் அனுபவமுள்ள மின்னியலாளர்களும் தவறுகிறார்கள். நம் நாட்டில் மின்சார சபையின் நியூட்ரல் அவர்களுடைய ட்ரான்ஸ்போமரில் நிலத்தோடு இணைக்கப்பட்டிருக்கும். நம் கட்டடத்துக்கென்று தனி எர்த் கம்பி நிலத்தில் இறங்கியிருக்கும். ஒருவர் பழுதான கேத்தலைத் தொட்டால், அவர் உடலூடாகப் போகும் மின்னோட்டம் நிலத்தின் வழியாக அந்த ட்ரான்ஸ்போமர் நியூட்ரலுக்குத் திரும்ப முயல்கிறது. அந்தக் கசிவு 30 மில்லி அம்பியரை எட்டும் முன்பே ட்ரிப் சுவிட்ச் விழ வேண்டும். நான்கு முனைச் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் நியூட்ரலையும் சேர்த்து மாற்றுவதால், மின்பிறப்பாக்கி ஓடும்போது மின்சார சபையின் நியூட்ரல் முற்றாக விலகிவிடுகிறது. அது நல்லது, அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் அப்போது மின்பிறப்பாக்கியின் நியூட்ரல் எங்கும் நிலத்தோடு இணைக்கப்படாமல் மிதந்துகொண்டிருந்தால், கசியும் மின்னோட்டத்துக்குத் திரும்பும் பாதையே இல்லை. ட்ரிப் சுவிட்சும் விழாது. முதல் பழுதில் யாருக்கும் ஒன்றும் நேராது. இரண்டாவது பழுதில் ஒருவர் உயிர் போகலாம். அதனால் மின்பிறப்பாக்கியின் நியூட்ரலை அதன் அருகிலேயே எர்த் கம்பியோடு இணைக்க வேண்டும், ஓரிடத்தில் மட்டும். ட்ரிப் சுவிட்சிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்த்து, விழுகிறது, எல்லாம் சரி என்று நினைத்துவிடாதீர்கள். அந்தப் பொத்தான் உள்ளேயே பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையில் ஒரு தடையை இணைத்துத்தான் சுவிட்சை விழுத்துகிறது. எர்த்தே இல்லாத கட்டடத்திலும் அது விழும். மின்பிறப்பாக்கி ஓடும்போது, பேஸிலிருந்து எர்த்துக்கு அளவான கசிவைக் கொடுத்துப் பார்க்கும் சோதனைக் கருவியால் பார்க்கச் சொல்லுங்கள்.

சேர்த்து ஓடவிட வேண்டும் என்றே விரும்பினால் என்ன செய்வது? சோலார்-டீசல் கட்டுப்பாட்டுக் கருவி என்று ஒன்று இருக்கிறது. மின்பிறப்பாக்கியின் ஒவ்வொரு பேஸிலும் மின்னோட்டத்தை அளந்து, அதன் சுமை ஒரு கீழெல்லைக்குக் கீழே இறங்கப் போகிறது என்று கண்டால், இன்வேர்ட்டருக்குக் கட்டளை அனுப்பி உற்பத்தியைக் குறைக்கும். அந்தக் கீழெல்லை பொதுவாக இயந்திரத்தின் முழு வலுவில் 30 வீதம். உங்கள் இயந்திரத்துக்கு ஏறத்தாழ 5 கிலோவாற். ஏன் அந்த எல்லை என்றால், டீசல் இயந்திரம் நெடுநேரம் மிகக் குறைந்த சுமையில் ஓடினால் சிலிண்டர் போதிய சூடு ஏறாமல், எரியாத டீசலும் கரியும் உள்ளே படியும்; புகைக்குழாய் மூட்டுகளில் கறுத்த எண்ணெய் வழிவதைக் கண்டிருப்பீர்கள். கருவியின் கட்டளை தாமதமானால் காப்பாற்ற, பின்னோட்டத்தைக் கண்டு சில விநாடிகளில் துண்டிக்கும் ரிலே ஒன்றும் தனியே வேண்டும். உங்கள் இன்வேர்ட்டர் இத்தகைய கட்டளையை ஏற்கும் வகையாகவும் இருக்க வேண்டும். பழைய வகைகள் பல ஏற்பதில்லை.

இவ்வளவும் செய்து மிச்சமாவது எவ்வளவு? சுமையே இல்லாமல் ஓடும் டீசல் இயந்திரமும், முழுச்சுமையில் குடிப்பதில் ஐந்தில் ஒன்று முதல் நாலில் ஒன்று வரை குடிக்கும். ஆகவே சோலார் பாதிச் சுமையைத் தாங்கினால் டீசல் செலவு பாதியாகக் குறைந்துவிடாது. நாள் முழுவதும் டீசலில் ஓடும் ஐஸ் தொழிற்சாலைக்கோ, மின்சாரம் எட்டாத பெரிய பண்ணைக்கோ இந்தக் கருவி தன் விலையை மீட்டுத் தரும். மாதத்தில் சில மணித்தியாலங்கள் மட்டுமே மின்பிறப்பாக்கி ஓடும் விடுதிக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

டீசலைக் குறைப்பதே உங்கள் உண்மையான நோக்கம் என்றால், அந்தப் பணத்தைப் பற்றரியில் போடுங்கள். பனலோடு பற்றரியையும் சேர்த்து இயக்கும் ஹைபிரிட் இன்வேர்ட்டரில் மின்சார சபைக்கு ஒரு வாயில், மின்பிறப்பாக்கிக்கு ஒரு வாயில், அவசியச் சுமைகளுக்கு ஒரு வாயில் என்று தனித்தனியே இருக்கும். அவசியச் சுமை என்று நான் சொல்வது குளிர்சாதனப் பெட்டிகள், விளக்குகள், மின்விசிறிகள், இணையக் கருவி, கண்காணிப்புக் கமரா ஆகியவற்றை. குளிரூட்டிகளையும் சுடுநீர்க் கருவிகளையும் இதில் சேர்க்கக் கூடாது. 51.2 வோல்ற், 100 அம்பியர் மணி கொண்ட லித்தியம் பற்றரி ஒன்று சுமார் 5 அலகு மின்சாரம் தாங்கும். அப்படி மூன்று வைத்தால், ஐந்தில் நான்கு பங்கை மட்டும் பயன்படுத்தினாலும், ஒன்றரைக் கிலோவாற் சுமை எட்டு மணித்தியாலம் ஓடும். பகல் மின்வெட்டில் பனல்களும் சேர்ந்து வேலை செய்யும். மின்பிறப்பாக்கியைத் தொடவே தேவையிராது. இரவு நீண்ட மின்வெட்டு வந்து, குளிரூட்டிகளுக்காக அதை ஓடவிட்டால், அப்போது 6 கிலோவாற் சுமை என்று வையுங்கள். அதோடு 80 அம்பியரில் பற்றரியை நிரப்பினால் இன்னும் 4 கிலோவாற் சேர்கிறது. 16இல் 10, இயந்திரத்துக்கு ஏற்ற சுமை. மூன்று மணித்தியாலத்தில் 12 அலகு பற்றரிக்குள் போய்விடும், பிறகு அதை நிறுத்திவிட்டு விடியும் வரை அவசியச் சுமைகளைப் பற்றரியில் ஓடவிடலாம். விடுதியில் தூங்குபவர்களுக்கும் அந்த நிசப்தம் பெரிய உதவி.

இதில் மூன்று இடங்களில் கவனம் வேண்டும். மின்பிறப்பாக்கியை அதற்குரிய வாயிலில்தான் இணைக்க வேண்டும். மின்பிறப்பாக்கிக்கான வாயில் இல்லாத மொடல் என்று, வெளிச் சேஞ்ச் ஓவர் வழியாக மின்சார சபை வாயிலிலேயே கொண்டுவந்தால், வெளியே மின்சாரம் விற்கும் அமைப்பு இயங்கிக்கொண்டிருக்கும்போது இன்வேர்ட்டர் மின்பிறப்பாக்கிக்கே "விற்க" முயலும், உங்கள் பழைய கதை திரும்பும். இரண்டாவது, மின்பிறப்பாக்கியிலிருந்து பற்றரிக்கு எடுக்கும் மின்னோட்டத்தின் மேலெல்லை. 5 கே.வி.ஏ. பெற்றோல் இயந்திரம் வைத்திருப்பவர்கள் இதைத் தொழிற்சாலை அமைப்பிலேயே விட்டுவிட்டால், பற்றரி கேட்கும் மின்னோட்டத்தில் இயந்திரம் திணறி நிற்கும். 30 அல்லது 40 அம்பியருக்குக் குறைத்துத் தொடங்க வேண்டும். அத்தகைய சிறிய இயந்திரங்கள் சுமையில்லாதபோது 52 ஹேர்ட்ஸுக்கு மேலும் ஓடும் என்பதால், இன்வேர்ட்டர் ஏற்கும் மீடிறன் எல்லையை மின்பிறப்பாக்கி வாயிலுக்கு மட்டும் சற்று விரிக்க வேண்டியிருக்கும். மூன்றாவது, உங்கள் பழைய 10 கிலோவாற் இன்வேர்ட்டரை எறியாமல், புதிய பற்றரி இன்வேர்ட்டரின் அவசியச் சுமைப் பக்கத்தில் இணைக்கலாம் என்று யாராவது சொன்னால். மின்வெட்டில் பற்றரி நிறைந்ததும், பற்றரி இன்வேர்ட்டர் மீடிறனை 50க்கு மேல் மெல்ல உயர்த்தும். பழையது அதைக் கண்டு உற்பத்தியைக் குறைக்கும். நேர்த்தியான முறைதான், பழையதன் வலு பற்றரி இன்வேர்ட்டரின் வலுவைத் தாண்டாதவரை. ஆனால் மின்பிறப்பாக்கி சேர்ந்ததும் மீடிறனைத் தீர்மானிப்பது டீசல் இயந்திரம். அந்தக் கடிவாளம் அக்கணமே கையைவிட்டுப் போகிறது. ஆகவே அவ்வாறு இணைத்தாலும், முன்பு சொன்னதுபோன்ற ஒரு கொண்டாக்டர், இம்முறை மின்பிறப்பாக்கி ஓடும்போதும் சோலாரை விலக்குவதாக, இருந்தே தீர வேண்டும்.

நிலாவெளிக்கென்று சில சொற்கள். உங்கள் மணல் நிலம் ஆடி ஆவணியில் உலர்ந்து கிடக்கும்போது எர்த் கம்பியின் தடை பல மடங்கு ஏறும். மழைக்காலத்தில் அளந்து எழுதி வைத்த எண்ணை நம்பாதீர்கள், கோடையில் அளந்து பாருங்கள், தேவைப்பட்டால் ஆழமாக இன்னொரு கம்பி இறக்குங்கள். உப்புக்காற்றில் அலுமினியச் சட்டத்தோடு நேரே பொருந்திய செம்பு மூட்டுகள் இரண்டு மூன்று பருவங்களில் அரித்துப் பழுதாகிவிடும். வெள்ளீயம் பூசிய மூட்டுகள் போடுங்கள். பனலிலிருந்து வரும் நேரோட்டக் (டி.சி.) கம்பிகள், மெயின் சுவிட்சை நிறுத்திய பிறகும், வெயில் உள்ளவரை பல நூறு வோல்ற்றோடு உயிரோடு இருக்கும். நேரோட்டத்துக்கென்று செய்யப்படாத பிரேக்கரால் அதன் பொறியை அணைக்க முடியாது. மின்பிறப்பாக்கியின் புகையில் மணமும் நிறமும் இல்லாத காபனோரொட்சைட்டு என்னும் நச்சு வாயு இருக்கிறது; கொட்டிலின் புகைக்குழாய் எந்த அறையின் சன்னலையும் பார்த்து நிற்கக் கூடாது.

வேலை முடிந்த நாளில், கட்டியவர் கிளம்பும் முன், நீங்களும் அருகில் நின்று இதைச் செய்யச் சொல்லுங்கள். நல்ல வெயிலுள்ள நண்பகலில், சோலார் முழுவீச்சில் ஓடும்போது, மீற்றருக்கு அடுத்த மெயின் பிரேக்கரை நிறுத்தட்டும். இன்வேர்ட்டரின் திரை உடனே வெளி மின்சாரம் இல்லை என்று காட்ட வேண்டும். மின்பிறப்பாக்கியை ஓடவிட்டு, சேஞ்ச் ஓவரைத் திருப்பட்டும். இப்போது சேஞ்ச் ஓவரின் மின்சார சபைப் பக்க முனைகளில் மீற்றரை வைத்து, பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையிலும், பேஸுக்கும் எர்த்துக்கும் இடையிலும் அளக்கட்டும். இரண்டிலும் பூச்சியம் வர வேண்டும். பிறகு அவசரப்பட வேண்டாம், பத்து நிமிடம் காத்திருங்கள். இன்வேர்ட்டர் மீண்டும் இணைய ஐந்து நிமிடம் வரை எடுக்கும் என்பதால், இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்பவர் எதையும் சோதிக்கவில்லை. அந்தப் பத்து நிமிடத்துக்குள் குளிரூட்டிகளை ஒவ்வொன்றாகப் போட்டு, ஒரே நேரத்தில் நிறுத்திப் பாருங்கள்; மூன்று பேஸிலும் வோல்ற்றளவு கணநேரம் ஏறி மீண்டும் 230ஐ ஒட்டி நிலைக்க வேண்டும். கடைசியில் மின்பிறப்பாக்கியை விலக்கி, மெயின் பிரேக்கரைப் போட்டு, சோலார் தானாகத் திரும்புவதையும் கண்டுகொள்ளுங்கள்.

இந்த ஒழுங்கை, ஒரு எளிய வரைபடத்தோடு, சேஞ்ச் ஓவர் பெட்டிக் கதவின் உட்புறத்தில் ஒட்டிவிடுங்கள். தமிழிலும் சிங்களத்திலும் எழுதுங்கள். நள்ளிரவில் கரண்ட் போகும்போது அந்தப் பெட்டியைத் திறக்கப் போவது நீங்கள் அல்ல. பருவத்துக்கு மட்டும் வேலைக்கு வந்திருக்கும், கைவிளக்கோடு மழையில் நிற்கும் ஒரு பையன்.